உதை எழுதினது ஆர்?

கிளிபோட்டின் கடையில் தில்லையம்பலத்தாரிடம் மூன்று கேள்விக்கு மேல் தாக்குப்பிடித்தவர் எவரும் இல்லை. ஊரில் எவடம், ஆருடைய பிள்ளை, ஆரைக் கட்டினது. இவ்வளவுதான். மூன்றாவதற்குப் பதில் வருமுன்பே அவர் ஆளைப் பிடித்துவிடுவார். பிடித்த கையோடு, அந்த ஆளின் தாய்மாமன் எந்தச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தார், பிறகு ஏன் இல்லாமற்போனார் என்பதையும் இலவசமாகச் சேர்த்துத் தருவார். பெரிய அரசாங்கங்கள் கைரேகை எடுத்து, படம் பிடித்து, கோப்பு வளர்த்துக் கண்டுபிடிப்பதை இந்த மனிதர் பால் விடாத பிளேன்ரீ ஆறுவதற்குள் கண்டுபிடித்து விடுவார்.

கடை கனடாவின் ஸ்காபரோவில், ஒரு பிளாசாவின் கடைசி மூலையில் இருந்தது. ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடை. பால்மா, சவர்க்காரம், சொக்கிலேற், அந்த வெயிலில் ஒருவரும் போடமுடியாத குளிர்ச்சட்டை என்று சனங்கள் கொண்டுவந்து கொட்டுவதை அடுக்கி, டேப் ஒட்டி, கப்பலுக்கு விடுவது கிளிபோட்டின் தொழில். சனிக்கிழமைகளில் பெட்டி கட்ட வருபவர்களிலும் பார்க்கக் கதைக்க வருபவர்கள்தான் கூட. அவர்களை அவர் கலைப்பதில்லை. யாழ்ப்பாணம் பெரியகடை வட்டாரத்தில் தகப்பனின் புடவைக்கடைக்குள் தவழ்ந்து வளர்ந்தவர். ஆள் நிற்காத கடைக்குள் ஆள் நுழையாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பனி மாரி முழுவதும் கடையில் ஒரே கதை, ‘கம்பிக்கு இந்தப் பக்கம்’. அது ஒரு வலைப்பதிவு. முல்லைத்தீவுக்கு வடக்கே ஏதோ ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருந்து யாரோ எழுதுவது. பெயர் இல்லை, படம் இல்லை. இராணுவ முகாம் கம்பியடித்து வைத்திருக்கும் காணிகளைப் பற்றியும், தன் சொந்தத் தென்னையில் வேறு ஆரோ இளநீர் பறிப்பதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவர்களைப் பற்றியும், விசாரணைக்கென்று போய்வந்த பிறகு வாய் திறக்காத பெடியன்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கும். சண்டை முடிந்துவிட்டதென்று எல்லோரும் சொல்கிறார்கள், முகாமுக்கு மட்டும் யாரும் இன்னும் அறிவிக்கவில்லை என்று ஒரு பதிவு தொடங்கியது. அதைக் கடையில் பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

சனங்கள் வாசித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், நாலு பேருக்கு அனுப்பினார்கள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் சனத்துக்கு அது முடியாது. எழுத்து பிடித்துவிட்டால் எழுதினவரின் தாய் தகப்பனைத் தெரிந்தாகவேண்டும்.

கடையில் நின்ற ஒருவருக்கும் தெரியாத விசயம், அந்தப் பதிவுகள் ஊரிலிருந்து ஏறவில்லை என்பது. பஸ்ஸில் போகிற தூரத்தில், கிளிபோட்டின் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையிலிருந்துதான் ஏறின. எழுதுவது றெஜினா. கிளிபோட்டின் மனைவி பேர்ணடெற்றின் கடைசித் தங்கச்சி. சங்குமுனை என்ற அந்தக் கிராமத்தில் மீனவர் சங்கக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக். கலியாணம் கட்டவில்லை, கட்டுகிற எண்ணமும் இல்லை. போனில் பேசிப் பதிந்து அனுப்பிவிட்டுத் தன் பக்கத்தில் உடனே அழித்துவிடுவாள். பேர்ணடெற் கேட்டுக் கேட்டுத் தட்டெழுதுவாள். கிளிபோட் கடைசியாகப் பார்த்து வெட்டுவார். ஆட்களின் பேர், கிழமை, நாயின் நிறம், ஆர் வீட்டு வேலி என்று எதைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவள் வீட்டு வாசலுக்கு வரலாமோ அதையெல்லாம் வெட்டுவார். போன வருடம் பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவனை, முகப்புத்தகத்தில் ஏதோ படம் போட்டான் என்று கொண்டுபோனார்கள். மழைக்காலம் முடியத்தான் விட்டார்கள். அவன் இப்போது யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்குக் கீழே போகிறான். இதையும் றெஜினாதான் சொன்னாள். இதையும் கிளிபோட் வெட்டினார்.

ஒன்றை மட்டும் வெட்ட விடவில்லை பேர்ணடெற்.

“அந்தக் கோயில் மணியை எடுத்தா அதிலை மிச்சம் என்ன கிடக்கு?” என்று சண்டைக்கு வந்தாள். “எல்லாத்தையும் வெட்டி வெட்டி லேஞ்சித் துண்டாக்கிப் போட்டியள். ஒரு வரி கிடக்கட்டும்.”

கிளிபோட்டுக்குக் களைப்பு. பகல் முழுக்கப் பெட்டி தூக்கின முதுகு. “சரி, கிடக்கட்டும்,” என்றார்.

அடுத்த சனிக்கிழமை தில்லையம்பலத்தார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை எட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு அந்த வரியைக் கடை முழுவதுக்கும் வாசித்தார். “‘விரிஞ்ச மணியை அடிச்சால் சத்தம் வராது, இருமல்தான் வரும். எங்கடை கோயில் ஞாயிறுக்கு ஞாயிறு இருமும்.’”

“என்ன எழுத்தண்ணை!” என்றான் வினோதன். பிறம்ரனில் லொறி ஓடுபவன். தாய்க்குப் பெட்டி கட்ட வந்திருந்தான்.

“எழுத்தை விடும், மணியைப் பிடியும். ஞாயிறுக்கு ஞாயிறு எண்டால் வேதக்கோயில். சண்டைக்குள்ளை செல் விழுந்து மணி விரிஞ்ச வேதக்கோயில் அந்தக் கரையிலை எத்தினை? ரெண்டு. ஒண்டுக்கு ஜேர்மனியிலை இருக்கிற பெடியள் புது மணி வாங்கிக் குடுத்திட்டாங்கள். அப்ப மிச்சம்?” அவர் மெதுவாகத் திரும்பினார். “சங்குமுனை. கிளிபோட், உம்மடை மனிசியின்ரை ஊரெல்லோ?”

கிளிபோட்டின் கையில் டேப் பாதி ஒட்டினபடி நின்றது.

தகப்பனின் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வந்தவர் கேட்ட சீலை கடையில் இல்லையென்றால், இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். உடனே வேறொன்றை உதறி விரித்துப் போடவேண்டும். கண் அதில் விழுந்துவிட்டால் கேட்டது மறந்துபோகும்.

“ஓமண்ணை, மனிசியும் உதைத்தான் சொன்னவ,” என்றார் கிளிபோட், டேப்பை இழுத்துக்கொண்டே. “அங்கை ஒரு மாஸ்டர் இருக்கிறாராம். இளைப்பாறினவர். ஒரு கால் கொஞ்சம் ஏலாது. எழுத்து அவற்றை மாதிரித்தான் கிடக்கெண்டவ.”

அப்படி ஒரு மாஸ்டரை பேர்ணடெற் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அவரைப் பெற்று, படிக்கவைத்து, இளைப்பாற்றி, காலையும் முறித்தவர் கிளிபோட்தான். பரவாயில்லாத சரக்கு என்றுகூட நினைத்தார். இல்லாத ஆளை எவனால் பிடிக்க முடியும்?

“ஐயோ, அது எங்கடை அன்புராசா சித்தப்பா!” என்று வினோதன் கத்தினான்.

கடை முழுவதும் திரும்பியது.

“எங்கடை சித்தி வேதக்காரரைக் கட்டிக்கொண்டு சங்குமுனைக்குத்தானே போனவ! சித்தப்பா மாஸ்டர். செல் பட்ட கால். நொண்டி நொண்டித்தான் நடப்பார். அட கடவுளே, எங்கடை வீட்டு ஆளைத்தான் நான் இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்!”

எங்கள் சனத்துக்குள் இல்லாத ஆளை உண்டாக்குவது லேசான காரியமல்ல. யாரைச் சொன்னாலும் அவருக்குப் பிறம்ரனில் ஒரு பெறாமகன் இருப்பான்.

“இல்லைத் தம்பி, அவராயிராது,” என்றார் கிளிபோட். “மனிசி சும்மா ஒரு கதைக்குச் சொன்னது.”

“இப்ப ஏனண்ணை மறைக்கிறியள்?”

“மறைக்கேல்லை. உண்மையாத்தான் சொல்லுறன், அது வேறை மாஸ்டர்.”

“வேறை மாஸ்டருக்கும் கால் ஏலாதோ?” என்றார் தில்லையம்பலத்தார். கடை சிரித்தது.

கிளிபோட் மறுக்க மறுக்க அன்புராசா உறுதியாகிக்கொண்டே வந்தார். வாழ்நாளில் சாயம் போகிற சீலையையெல்லாம் போகாதென்று விற்ற மனிதர், அவர் இல்லை என்ற இந்த ஒரு உண்மையை விற்க முடியாமல் நின்றார். வினோதன் போனை எடுத்துக்கொண்டு வெளியே பார்க்கிங்குக்குப் போனான். “போனிலை உதுகள் கதையாதை!” என்று கிளிபோட் வாசல்வரை ஓடினார். “வாழ்த்துத்தானே சொல்லப்போறன்,” என்று அவன் பனிக்குள் நின்றபடி கையைக் காட்டினான்.

திரும்பி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. “சித்தப்பா இல்லையெண்டு சொல்லேல்லை. முதல் பேசாமலே இருந்தார். பிறகு, ‘உதெல்லாம் போனிலை கதைக்கேலாது மோனை’ எண்டார். குரல் தழுதழுத்துப் போச்சு.”

கிளிபோட்டுக்கு அந்த மாஸ்டரில் கோபம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் சின்ன வகுப்புக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குள் இருக்கிற மனிதர். கனடாவில் இருந்து பெறாமகன் போன் எடுத்து, நீங்கள் பெரிய எழுத்தாளர் சித்தப்பா என்கிறான். இல்லை என்று சொல்ல எந்த மனிதருக்குத்தான் உடனே வாய் வரும்?

பின்னேரம் ஆகும்போது கதை ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்து வீடுகளுக்குப் போயிருந்தது. அடுத்த நாள், ‘எங்கள் மண்ணின் துணிச்சல்’ என்று ஒருவர் மாஸ்டரின் பழைய கலியாணப் படத்தை முகப்புத்தகத்தில் போட்டார். அதற்கு விருப்பம் போட்டவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் கிளிபோட்டுக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கும். எல்லாரும் நல்ல சனங்கள்.

சில நாள் கழித்து, காலையில் கிளிபோட் கடைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது றெஜினா போன் எடுத்தாள். அவள் நேரடியாகப் போன் எடுப்பதே இல்லை.

“அத்தான், அன்புராசா மாஸ்டரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

கிளிபோட் ஒரு காலில் சப்பாத்தோடு கதிரையில் இருந்துவிட்டார்.

“ஜீப்பிலை வந்தவங்கள். இதை எழுதிறது நீதானே எண்டு கேட்டவங்களாம். ஏனத்தான் அவரை? அந்தாள் புத்தகம் வாசிக்கிறதைக்கூட நான் காணேல்லை.”

சொல்லாமல் விடலாம். சொல்லாமல் விட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பேர்ணடெற் எதிரே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை இரவே அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்.

“அவற்றை பேரைக் கிளப்பிவிட்டது நான்தான் பிள்ளை,” என்றார். “தில்லையம்பலத்தார் உன்ரை ஊர்வரைக்கும் வந்திட்டார். திருப்பி விடுறனெண்டு ஒரு பொய்யைச் சொன்னன். அப்பிடி ஒராள் உண்மையா இருப்பாரெண்டு எனக்குத் தெரியாது.”

றெஜினா, “சரி,” என்றாள். அவள் ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். “சரி அத்தான். இப்ப நான் ஒண்டு சொல்லப்போறன். அக்கா ரைப் அடிக்கட்டும். இண்டைக்கே போடுங்கோ.”

“என்னத்தை?”

“அவர் உள்ளுக்கை இருக்கேக்கை புதுசா ஒண்டு வந்தால் அவரில்லையெண்டு தெரியும்தானே.”

“அவரில்லையெண்டு தெரிஞ்சா, வேறை ஆரெண்டு தேடுவாங்கள்.”

“தேடட்டும்.”

“ரெண்டு நாள் பொறன் பிள்ளை. வயசான மனிசன். கேட்டுப்போட்டு விட்டிடுவாங்கள். கோயில் சுவாமியாரைக் கொண்டு கதைப்பிக்கலாம். ஆராவது எம்பியைப் பிடிக்கலாம்.”

“பொறுத்தால் விலை குறையுமோ அத்தான்?”

கிளிபோட் மற்றச் சப்பாத்தைத் தள்ளி வைத்தார்.

“யாவாரம் பேசாதேங்கோ. மாஸ்டரின்ரை மனிசி எங்கடை வீட்டு விறாந்தையிலைதான் இருக்கிறா. நான் அவவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு எத்தினை நாள் பொறுக்கிறது?”

பேர்ணடெற் போனை வாங்கினாள். “றெஜி, உனக்கு விசரா? உன்னைக் கொண்டு போனால் நான் என்னடி செய்யிறது?” என்று தொடங்கியவள் பாதியில் நின்றாள். அந்தப் பக்கம் றெஜினா மன்றாடவுமில்லை, விளங்கப்படுத்தவுமில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். பேர்ணடெற் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள். வேறு என்ன செய்வது?

பதிவு சிறியது. மாஸ்டரின் மனைவி அடுப்பில் வைத்த சோற்றை இறக்காமலே வாசலுக்கு ஓடினாள். ஜீப் போய் வெகுநேரம் கழித்தும் ஒழுங்கை முழுக்க அந்தச் சோறு கருகின மணம். கடைசி வரிகள் இப்படி இருந்தன: ‘மாஸ்டர் இதை எழுதவில்லை. எழுதுவது நான். அவர் உள்ளே இருக்கும்போதுதான் இதையும் எழுதுகிறேன்.’

கிளிபோட் சோற்று வரியில் விரலை வைத்தார். “இதை எடுப்பம். இது பக்கத்து வீட்டிலை நிண்டு மணம் பிடிச்ச ஆளெண்டு காட்டிக் குடுக்குது.”

“இந்தமுறை வெட்டவேண்டாமாம்,” என்றாள் பேர்ணடெற். “ஊருக்குள்ளை நிண்டு எழுதினதெண்டு அவங்கள் நம்பவேணுமாம். வெட்டினால் தூரத்திலை இருந்து ஆரோ மாஸ்டரைக் காப்பாத்த எழுதின மாதிரி இருக்குமாம்.”

அவள் சொன்னது சரிதான். கிளிபோட் விரலை எடுத்தார். பேர்ணடெற் பொத்தானை அழுத்தினாள். இருவரும் அதற்குப் பிறகு கடைக்கு நேரமாகிவிட்டதே என்ற எண்ணம்கூட இல்லாமல் மேசையில் இருந்தார்கள்.

மாஸ்டரை அந்த வாரத்துக்குள் விட்டுவிட்டார்கள். செய்தியைக் கடைக்குக் கொண்டுவந்தது வினோதன்தான். பெட்டி ஒன்றும் கொண்டுவரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றான்.

“வந்திட்டார். முந்தி ஒரு கால்தான் ஏலாது. இப்ப மற்றக் காலுக்கும் ஊண்டிற பொல்லு வேணுமாம். என்னோடை கதைக்கமாட்டனெண்டுறார். சித்திதான் போனை எடுத்தவ. ‘இனி எங்களுக்கு வாழ்த்து ஒண்டும் சொல்லாதை ராசா’ எண்டா.”

யாரோ பிளேன்ரீயை ஊதிக் குடித்தார்.

இந்த அமைதி இப்படியே கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் கடை அன்றைக்கு நல்ல கடையாக இருந்திருக்கும். தில்லையம்பலத்தாருக்கு வாய் அரித்தது. மனிதர் கெட்டவரல்ல. பாதியில் விட்ட கணக்கு அவருக்குப் பல்லிடுக்கில் நார் மாதிரி.

“அப்ப மாஸ்டர் இல்லையெண்டால் எழுதினது ஆர்?” என்றார். போன் ஏற்கெனவே கையில் இருந்தது. “இஞ்சை பாருங்கோ, சோறு கருகின மணமெண்டு கிடக்கு. ஜீப்பு வந்து ஒரு ஆளை ஏத்திக்கொண்டு போகுது, ஆம்பிளையெண்டால் ஜீப்பின்ரை நம்பரைப் பாப்பான். அடுப்பிலை சோறு கிடக்கெண்டு நினைக்கிறது பொம்பிளை. நாங்கள் இவ்வளவு நாளும் பிழையான பக்கத்தாலை தேடியிருக்கிறம். பொம்பிளை. மாஸ்டர் வீட்டுக்குப் பக்கத்திலை. நல்லா எழுதத் தெரிஞ்ச, கந்தோர் வேலை மாதிரி ஏதும்...”

அவர் பேசிக்கொண்டே கிளிபோட் பக்கம் திரும்பினார். திரும்பியவரின் வாய் அடுத்த கேள்விக்குத் திறந்தபடி இருந்தது. உம்முடைய மச்சாள் ஒராள் அங்கைதானே இருக்கிறா, என்பதாகத்தான் அது இருந்திருக்கவேண்டும்.

கிளிபோட்டிடம் விரித்துப்போட வேறு சீலை இருக்கவில்லை. இருந்திருந்தாலும், இன்னொரு வீட்டுக்காரரை இதற்குள் இழுக்க அவருக்குத் தெம்பில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, “போதுமண்ணை,” என்றார். குரல் தாழ்ந்துதான் வந்தது. “தேடாதேங்கோ.”

இப்படிச் சொல்வதே காட்டிக்கொடுப்பதுதான் என்று அவருக்குத் தெரியாமலில்லை.

தில்லையம்பலத்தார் அவருடைய முகத்தைப் பார்த்தார். மூன்று கேள்வி தேவைப்படவில்லை. ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. திறந்த வாய் மெதுவாக மூடியது.

“ஆரண்ணை, ஆர்?” என்றான் வினோதன். “பிடிச்சிட்டியளோ?”

கிழவர் போனை அணைத்துக் கோட்டுப் பைக்குள் போட்டார். போட்ட கை உள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது.

“இல்லையப்பா,” என்றார். “எனக்குப் பிழைச்சுப் போச்சு. உது ஆம்பிளைதான். அந்தப் பக்கத்து ஆளாயும் தெரியேல்லை. வவுனியா தாண்டி வடக்கிலை இருந்து வாற எழுத்துமில்லை உது.”

தில்லையம்பலத்தாருக்குப் பிழைத்துப்போனதை அந்தக் கடை அதுவரை கண்டதில்லை. “அண்ணைக்கு வயசு போட்டுது,” என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், “கொழும்பிலை இருந்து எழுதிற ஆளாம் எண்டு நானும் கேள்விப்பட்டனான்,” என்று கேள்விப்படாததைச் சேர்த்தார். கிழவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவும் சிரித்தார். அவரைப் பார்க்க கிளிபோட்டுக்குத் தகப்பனின் கடையில் நட்டத்துக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு வெற்றிலை போடுகிறவர்களின் முகம் நினைவுக்கு வந்தது.

ஒவ்வொருவராகப் போனபிறகும் தில்லையம்பலத்தார் நின்றார். வாசலில் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“பிள்ளையை வெளியிலை எடுக்கேலாதோ?”

“கேட்டுப் பாத்திட்டம். வரமாட்டாளாம். தான் வந்தால் அங்கை நடக்கிறதை ஆர் பாக்கிறதெண்டு கேக்கிறாள்.”

“ம்.” கிழவர் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினார். “அப்ப நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கவேணும்.”

“ஏலுமோ அண்ணை?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“தெரியேல்லைத் தம்பி. இந்த வயதுவரைக்கும் பழக்கமில்லை.”

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவர் நிற்கிற மூலையில் ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். புதிதாகக் கடைக்கு வந்த ஒரு பெண் தன் ஊரைச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமென்று காத்து நின்றாள். ஒருவரும் கேட்கவில்லை. கிளிபோட் பெட்டியைத் தராசில் நிறுத்து, விலாசத்தை எழுதினார்.

“தில்லையம்பலண்ணையை பிளாசா பஸ் தரிப்பிலை கண்டனான்,” என்றான் வினோதன் பிறகொரு நாள். “கடைக்கு வாங்கோவன் எண்டன். கால் நோவாம், நடக்கேலாதாம்.”

“ஓம், குளிருக்கு அப்பிடித்தான்,” என்றார் கிளிபோட்.

“என்னண்ணை ஓம்? பஸ் வரேக்கை ஓடிப்போய் ஏறினவர்!”

கிளிபோட் டேப்பை இழுத்தார். அந்தப் பின்னேரம் வீட்டுக்குப் போனபோது பேர்ணடெற் காதில் போனை வைத்துக்கொண்டு, றெஜினாவின் குரலைக் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கோட்டைக் கழற்றாமலே பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, வெட்டவேண்டியது எது என்று வாசிக்கத் தொடங்கினார்.